மூத்த சகோதரரின் செபக்கூடம்



உரோமாபுரியில் மிகப் பழைய ஆலயம் எது என்று மறைக்கல்வி வகுப்பிலே கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் லாத்தரன் பேராலயத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். கொன்ஸ்தந்தீன் பேரரசன் கட்டி 324ம் ஆண்டில் அபிஷேகம் செய்யப்பட்டதாக மரபு கூறும் அப்பேராலயத்தின் நேர்ந்தளிப்பு விழாவை நவம்பர் 9ம் திகதி நாமும் நமது பங்குகளிலே கொண்டாடுகிறோம். பிள்ளைகளின் விடை சரியானதே. ஆனால் அபிரகாமின் இறைவனை, ஈசாக்கின் இறைவனை, யாக்கோபின் இறைவனை அந்த மாநகரிலே முதன்முதலாகத் தொழுதவர்கள் யார் என்று கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால், விடை லாத்தரனும் அல்ல, வத்திக்கானும் அல்ல. தைபர் நதிக்கு அப்பால், ஏழைகளும் சுமைகாரர்களும் வாழ்ந்த திரஸ்தேவரே என்னும் பகுதிக்கு நாம் போகவேண்டும். அங்கே யூதரின் செபக்கூடங்கள் இருந்தன.

மக்கபே முதலாம் ஆகமத்தின் 8ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யூதா மக்கபே தன் மக்களுக்காக உதவி தேடி இரண்டு தூதுவர்களை உரோமைக்கு அனுப்பிய செய்தி அங்கே இருக்கிறது. அது கி.மு. 161ம் ஆண்டளவில் நடந்தது. அதன்பின் வணிகராகவும் போர்க் கைதிகளாகவும் அடிமைகளாகவும் யூதர் அந்நகருக்கு வந்து சேர்ந்தார்கள். விடுதலை பெற்ற அடிமைகள் நதிக்கு அப்பால் குடியேறினார்கள். யூலியஸ் சீசர் அவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் அளித்திருந்தான். அவன் கொலையுண்டபோது அவனுடைய உடல் எரிக்கப்பட்ட இடத்திலே யூதர் பல இரவுகள் வந்து அழுதார்கள் என்று உரோமைச் சரித்திர ஆசிரியர் சுவெத்தோனியுஸ் எழுதிவைத்திருக்கிறார். அவர்களுடைய நிலக்கீழ்க் கல்லறைகளில் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டுகளிலிருந்து, பத்துக்கும் மேற்பட்ட செபக்கூடங்களின் பெயர்கள் தெரியவந்துள்ளன. நகருக்குள்ளே அவற்றுள் ஒன்றின் கட்டடமும் எஞ்சவில்லை. ஆனால் உரோமையின் பழைய துறைமுகமான ஒஸ்தியாவில், விமான நிலையத்துக்குப் பாதை வெட்டும்போது 1961ல் ஒரு செபக்கூடத்தின் தூண்களும் தளமும் வெளிப்பட்டன. கல்லிலே செதுக்கிய ஏழு கிளை விளக்கை இன்றும் அங்கே பார்க்கலாம்.

நமது திருச்சபை உரோமையில் பிறந்தது இந்தச் செபக்கூடங்களின் மடியிலேதான். பரிசுத்த ஆவி இறங்கிவந்த நாளில் யெருசலேமில் இராயப்பரின் பிரசங்கத்தைக் கேட்டவர்களுள் உரோமையிலிருந்து வந்த யூதரும் இருந்தார்கள் என்று அப்போஸ்தலர் பணி கூறுகிறது. அவர்கள் ஊர் திரும்பியபோது புதுக் கோவில் ஒன்றைக் கட்டிவிடவில்லை. ஓய்வு நாளிலே வழக்கம்போலச் செபக்கூடத்துக்குத்தான் போயிருப்பார்கள். அங்கே யேசுவைப் பற்றிய பேச்சு எழுந்தது, வாக்குவாதம் எழுந்தது, கலவரமும் எழுந்தது. 49ம் ஆண்டளவில் கிளாவுதியு பேரரசன் யூதரை நகரை விட்டு வெளியேற்றினான். அப்படி வெளியேறிய கூடாரத் தொழிலாளர் இருவர் கொரிந்து நகரில் சின்னப்பரைச் சந்தித்தார்கள். ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும்தான் அவர்கள். பிற்பாடு அவர்கள் உரோமைக்குத் திரும்பி வந்து தங்கள் வீட்டையே கிறிஸ்தவர் கூடும் இடமாக்கினார்கள். உரோமையின் கோவில்களுள் பெயர் தெரிந்த மிகப் பழையது ஒரு யூதக் குடும்பத்தின் வீடு என்பதை நாம் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

திருப்பலியில் நாம் சொல்லும் ஆமென், அல்லேலூயா, ஓசன்னா என்பன அவர்களுடைய சொற்கள். வேதாகமத்தை வாசித்து, சங்கீதம் பாடி, பின் விளக்கம் கூறும் ஒழுங்கு அவர்களுடைய செபக்கூட ஒழுங்கு. அப்பத்தையும் இரசத்தையும் ஒப்புக்கொடுக்கும்போது குருவானவர் இறைவனைப் போற்றிச் சொல்லும் செபம் யூதக் குடும்பத் தலைவன் பந்தியிலே சொல்லும் போற்றுதலைத் தழுவியது.

உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 11ம் அதிகாரத்திலே சின்னப்பர் ஒட்டுக்கட்டும் உவமை ஒன்றைச் சொல்கிறார். நமது வளவுகளில் ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். நாம் நல்ல இனத்துக் கிளையைக் காட்டு அடியிலே ஒட்டுகிறோம். சின்னப்பர் சொல்வதோ நேர்மாறானது. காட்டு ஒலிவக் கிளை நல்ல மரத்திலே ஒட்டப்படுகிறது. நல்ல மரம் இஸ்ராயேல், காட்டுக் கிளை புறவினத்தாராகிய நாம். கிளை வேரைத் தாங்குவதில்லை என்பதை மறவாதபடி, புறவினத்திலிருந்து வந்த உரோமைக் கிறிஸ்தவர்களை அவர் எச்சரிக்கிறார். அவர் எச்சரிக்கவேண்டிய தேவை அப்போதே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

70ம் ஆண்டில் யெருசலேம் தேவாலயம் அழிக்கப்பட்டது. அங்கிருந்து கொள்ளையிட்ட ஏழு கிளை விளக்கை உரோமைப் போர்வீரர் தோளிலே சுமந்து வரும் காட்சி தீத்துவின் வெற்றி வளைவிலே செதுக்கப்பட்டிருக்கிறது. உரோமை யூதர் அவ்வளைவின் கீழே நடந்து செல்வதில்லை என்ற வழக்கத்தைப் பரம்பரை பரம்பரையாகக் காத்துவந்தார்கள். அக்காலத்திலே கிறிஸ்தவர்களும் அதே நகரில் வேட்டையாடப்பட்ட மக்களே. ஆப்பியா வீதியோரத்தில் இரு சாராரும் தங்கள் இறந்தோரை நிலத்தைக் குடைந்து அடக்கம் செய்தார்கள். இரு சாராரும் கிரேக்கத்திலேயே கல்வெட்டு எழுதினார்கள். ஒரு கல்லிலே விளக்கு, மற்றக் கல்லிலே மீன். வித்தியாசம் அவ்வளவுதான்.

நிற்க. கொன்ஸ்தந்தீன் காலத்துக்குப் பின் நிலைமை மாறியது. லாத்தரனும் வத்திக்கான் குன்றின் மேல் இராயப்பர் பேராலயமும் எழுந்தன. அவென்தீன் குன்றில் சந்த சபீனா ஆலயம் 422க்கும் 432க்கும் இடையே எழுந்தது. விபூதிப் புதனன்று பாப்பரசர் திருப்பலி நிறைவேற்றும் கோவில் அதுவே. அதன் உட்சுவரில், வாயிலுக்கு மேலே, வண்ணக் கற்களால் பதித்த இரு பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி விருத்தசேதனத்தாரிடமிருந்து வந்த திருச்சபை, மற்றவள் புறவினத்தாரிடமிருந்து வந்த திருச்சபை. இருவர் கையிலும் திறந்த புத்தகம் இருக்கிறது. இருவரும் ஒரே உயரம். பிற்காலத்தில் ஐரோப்பியக் கோவில் வாசல்களில் யூதச் செபக்கூடத்தைக் கண்கள் கட்டப்பட்ட, ஈட்டி முறிந்த பெண்ணாகச் செதுக்கினார்களே, அந்த இழிவு இந்தச் சுவரில் இல்லை.

ஆனால் அந்தச் சித்திரம் பதிக்கப்படுவதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்னரே உரோமையில் செபக்கூடம் ஒன்று எரிக்கப்பட்டுவிட்டது. மிலான் ஆயரான புனித அம்புரோசியாரின் கடிதம் ஒன்றிலிருந்தே அதை அறிகிறோம். கிழக்கே கல்லினிக்கும் என்ற ஊரில் கிறிஸ்தவர்கள் எரித்த செபக்கூடத்தை ஆயரின் செலவிலே மீண்டும் கட்டிக் கொடுக்கவேண்டும் என்று தெயோதோசியு பேரரசன் 388ல் கட்டளையிட்டபோது, கூடாது என்று அம்புரோசியார் தடுத்துவிட்டார். அவர் பெரும் புனிதர், திருச்சபையின் மறைவல்லுநர். என்றாலும் அன்று நீதி அரசனின் பக்கமே இருந்தது என்பது என் தாழ்மையான கருத்து. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் பெரிய கிரகோரியார் வேறு விதமாக நடந்தார். பலேர்மோ நகர ஆயர் யூதரின் செபக்கூடங்களைப் பறித்துக் கோவிலாக்கியபோது, பறித்தவற்றுக்கு உரிய விலையைக் கொடு, புத்தகங்களைத் திருப்பிக் கொடு என்று 598ல் அவர் பணித்தார்.

மத்திய காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். இங்கிலாந்தும் பிரான்சும் ஸ்பெயினும் யூதரைத் துரத்தியபோது, உரோமை அவர்களைத் துரத்தவில்லை. திரஸ்தேவரேயில் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில் நிற்கும் பழைய வீட்டின் தூணடியிலே எபிரேய எழுத்துகள் உள்ளன. அது அக்காலச் செபக்கூடமாக இருந்தது என்று கருதப்படுகிறது. 1492க்குப் பின் ஸ்பெயினிலிருந்தும் சிசிலித் தீவிலிருந்தும் அகதிகளாய் ஓடிவந்த யூதர் பாப்பரசரின் நகரிலேதான் அடைக்கலம் பெற்றார்கள். இதையும் நாம் சொல்லவேண்டும். ஏனெனில் இனிச் சொல்லப்போவதும் பாப்பரசரின் நகரில் நடந்ததே.

1553ம் ஆண்டு செப்டெம்பர் மாதம், யூதரின் புத்தாண்டு நாளில், தல்மூத் நூல்கள் கம்போ தே பியோரி சந்தைத் திடலிலே குவித்து எரிக்கப்பட்டன. 1555 யூலை 14ல் பாப்பரசர் 4ம் சின்னப்பர் ஓர் ஆணைமடலை வெளியிட்டார். யூதர் அனைவரும் நகரின் ஒரே பகுதியில், மதிலுக்குள்ளே வாழவேண்டும். இரவிலே வாயில்கள் பூட்டப்படும். ஆண்கள் மஞ்சள் தொப்பி அணியவேண்டும். வீடு வளவு சொந்தமாக வைத்திருத்தலாகாது. பழந்துணி வியாபாரம் செய்யலாம். யூத வைத்தியர் கிறிஸ்தவ நோயாளியைத் தொடலாகாது. செபக்கூடம் ஒன்றேயொன்றுதான், மற்றவை இடிக்கப்படவேண்டும். மதில் எழுந்த இடம் தைபர் பெருக்கெடுக்கும்போதெல்லாம் வெள்ளம் புகும் பள்ளம். அதைத்தான் கெற்றோ என்றார்கள்.

ஒன்றேயொன்று என்ற கட்டளைக்கு யூதர் கண்டுபிடித்த வழி வியக்கத்தக்கது. உரோமையின் பழங்குடிகள், கத்தலோனியர், கஸ்தீலியர், சிசிலியர் என வெவ்வேறு வழிபாட்டு முறை கொண்ட ஐந்து சபைகளை ஒரே கூரையின் கீழே அமைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டடம், உள்ளே ஐந்து செபக்கூடங்கள். ‘ஐந்து பள்ளிகள்’ என்று அதற்குப் பெயர். நம் நாட்டு முஸ்லிம்கள் தொழுமிடத்தைப் பள்ளி என்பதுபோல யூதரும் தங்கள் செபக்கூடத்தைப் பள்ளி என்றே அழைத்தார்கள்.

கெற்றோவின் வாசலிலே மீன் சந்தை இருந்தது. பழைய உரோமை மண்டபத்தின் இடிபாட்டுக்குள் கட்டிய சந்த் ஆஞ்சலோ கோவில் அங்கே நிற்கிறது. சந்தைச் சுவரில் பதித்த கல்லின் நீளத்தை மிஞ்சிய மீனின் தலையை நகரசபைப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிடவேண்டுமாம். மீன் தலைக் குழம்பின் அருமை தெரிந்தவர்கள் இந்த வரியின் கடுமையை உணர்வார்கள். ஆனால் அக்கோவிலுக்கு இதைவிடக் கடுமையான நினைவு உண்டு. 16ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, யூதர் குறித்த எண்ணிக்கையில் ஓய்வு நாளிலே வந்து கிறிஸ்தவப் பிரசங்கத்தைக் கேட்கவேண்டும் என்று பாப்பரசர் 13ம் கிரகோரியார் கட்டாயமாக்கினார். அப்பிரசங்கம் நடந்த கோவில்களுள் இதுவும் ஒன்று. வந்தவர்கள் காதிலே மெழுகை அடைத்துக்கொண்டு இருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

வாசகர்களே, இந்த இடத்திலே நம் முன்னோரை நினையாமல் இருக்க முடியவில்லை. 1658ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின், கத்தோலிக்கக் குருக்களுக்கு இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அறிவித்தார்கள். ஞானஸ்நானத்துக்கும் விவாகத்துக்கும் அவர்களுடைய கோவிலுக்கே போகவேண்டியிருந்தது. பிள்ளைகள் அவர்களுடைய பள்ளிக்குப் போகாவிட்டால் குற்றப்பணம். மனமில்லாத காதிலே வலிந்து ஊற்றிய பிரசங்கம் எத்தகையது என்று நம் முன்னோருக்குத் தெரியும். 1687ல் புனித யோசேவ் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் வந்து கதவுகளைத் தட்டும்வரை அவர்கள் இரவிலே, வீட்டுக்குள்ளே செபித்தார்கள். அப்படியானவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு, மெழுகடைத்த காதுகளின் கதையை வேற்றார் கதையாகக் கேட்க இயலுமா?

மற்றொரு கோவில் கெற்றோவின் வேறொரு வாயிலுக்கு எதிரே நிற்கிறது. சன் கிரகோரியோ என்பது அதன் பெயர். அதன் முகப்பிலே எபிரேயத்திலும் இலத்தீனிலும் ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருக்கிறது. இசையாஸ் ஆகமம் 65ம் அதிகாரத்திலிருந்து எடுத்தது. அடங்காத மக்களை நோக்கி நாள் முழுவதும் கைகளை நீட்டியிருந்ததாக இறைவன் முறையிடும் வாக்கியம் அது. வாயிலை விட்டு வெளியே வரும் யூதன் கண்ணிலே படவேண்டும் என்பதற்காகவே அவன் மொழியில் எழுதினார்கள். குருமடத்திலே வேதாகமம் படித்தவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். இதே வாக்கியத்தைச் சின்னப்பரும் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 10ம் அதிகார முடிவிலே எடுத்தாளுகிறார். எடுத்தாண்டு, மூச்சு விடாமல் அடுத்த வரியிலேயே இறைவன் தம் மக்களைத் தள்ளிவிட்டாரா என்று கேட்டு, ஒருபோதும் இல்லை என்கிறார். சுவரிலே எழுதியவர்கள் அந்த அடுத்த வரிக்குப் போகவில்லை.

கட்டாயப் பிரசங்கத்தை நிறுத்தியவரும், 1848 ஏப்ரலில் பாஸ்கு விழா இரவிலே கெற்றோவின் மதிலை இடிக்கச் சொன்னவரும் பாப்பரசர் 9ம் பத்திநாதரே. ஆயினும் அடுத்து வந்த அரசியல் குழப்பத்துக்குப் பின் அவரே பழைய கட்டுப்பாடுகள் பலவற்றுக்குத் திரும்பினார். 1870ல் பாப்பரசரின் அரசு நகரில் முடிவுற்ற பின்னரே யூதர் மற்றவர்களைப் போன்ற பிரசைகளானார்கள். நமது திருச்சபை தன் அதிகாரத்தை இழந்த நாளே அவர்களுக்கு விடுதலை நாளாயிற்று. இதை எழுதும்போது பேனா கனக்கிறது. 1893ல் ‘ஐந்து பள்ளிகள்’ தீக்கிரையாயின. 1904ல் தைபர் கரையிலே பெரிய செபக்கூடம் திறக்கப்பட்டது. உரோமையின் வானத்தில் உருண்டைக் குவிமாடங்கள் நிறைய உண்டு. இதன் குவிமாடமோ சதுரமானது, தொலைவிலிருந்தே இனங்காணலாம்.

நாற்பது ஆண்டுகள் நிம்மதி இருக்கவில்லை. 1938ல் முசோலினியின் இனச் சட்டங்கள் வந்தன. 1943 செப்டெம்பரில் நாற்சிப் படை உரோமையைப் பிடித்து, 36 மணி நேரத்துக்குள் 50 கிலோ தங்கம் தராவிட்டால் இருநூறு பேரைக் கொண்டுபோவோம் என்று யூதரை அச்சுறுத்தியது. செபக்கூடத்திலே வரிசை நின்றது. மோதிரம், சங்கிலி, கடிகாரம் என்று கொண்டு வந்தவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தார்கள். பெற்றுக்கொள்வீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்களாம். தங்கம் தேவைப்பட்டால் கடனாகத் தருவதாக வத்திக்கானும் சொல்லியனுப்பியது. தங்கம் சேர்ந்தது, ஆனால் வாக்குக் காப்பாற்றப்படவில்லை. முதலில் சமூக நூலகத்தின் புத்தகங்களை இரயிலிலே ஏற்றிக் கொண்டுபோனார்கள். அவை பின்பு கிடைக்கவேயில்லை. ஒரு நூலகத்தை இழப்பது என்னவென்று 1981க்குப் பின் யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 16, சனிக்கிழமை, விடியுமுன் மழையிலே வீடு வீடாகப் புகுந்தார்கள். 1,259 பேர் பிடிபட்டனர். வத்திக்கானுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள இராணுவக் கல்லூரியிலே இரண்டு நாள் அடைத்து வைத்தார்கள். அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவுஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். திரும்பி வந்தோர் 16 பேர்.

அந்த மாதங்களில் உரோமையின் துறவற மடங்கள் கதவைத் திறந்தன. உள்ளே வேற்றாண் புகாத கன்னியர் மடங்களிலும் யூதக் குடும்பங்கள் ஒளித்திருந்தன. தைபர் தீவிலுள்ள சகோதரர்களின் ஆசுப்பத்திரியில், இல்லாத ஒரு நோய்க்கு ‘கே’ என்று பெயரிட்டு, தொற்றும் என்று சொல்லி நாற்சியரை வாசலிலேயே நிறுத்தினார்கள். அடைக்கலம் பெற்றோரின் பழைய பட்டியலொன்று உரோமை வேதாகமக் கல்விக்கழகத்தின் சுவடிகளிலிருந்து கிடைத்திருப்பதாக 2023ல் அறிவிக்கப்பட்டது. அதிலே கண்ட ஏறக்குறைய 4,300 பேரில் 3,200 பேர் யூதர் என்று அடையாளம் காணப்பட்டுள்ளது. அதேவேளை, சனிக்கிழமை அள்ளிச் சென்றவர்களுக்காக 12ம் பத்திநாதர் பகிரங்கமாகக் குரல் எழுப்பவில்லை என்பதும் உண்மை. வாய் திறந்திருந்தால் மடங்களையும் சோதித்திருப்பார்கள் என்பார் ஒரு சாரார்; மேய்ப்பனின் குரல் அன்று கேட்டிருக்கவேண்டும் என்பார் மறு சாரார். 2020ல் வத்திக்கான் சுவடிக்கூடம் திறக்கப்பட்ட பின்னும் வழக்குத் தீரவில்லை. மடங்கள் திறந்தன, குரல் எழவில்லை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது நமக்கு அழகல்ல.

23ம் அருளப்பர் பாப்பரசரானதும் பெரிய வெள்ளிச் செபத்திலே யூதரைத் துரோகிகள் எனப் பொருள்படும்படி இருந்த சொல்லை 1959ல் எடுத்துவிட்டார். பிறிதொரு நாள் செபக்கூடத்தின் அருகே காரை நிறுத்தச் செய்து, வெளியே வந்துகொண்டிருந்தவர்களை ஆசீர்வதித்தார். 1965 அக்டோபர் 28ல் வத்திக்கான் பொதுச்சங்கம், யேசுவின் மரணத்தை அன்றைய யூதர் எல்லார்மீதும் இன்றைய யூதர்மீதும் சுமத்தலாகாது என்று அறிவித்தது. 1982ல் செபக்கூட வாசலிலே பயங்கரவாதிகள் குண்டெறிந்து சுட்டபோது இரண்டு வயதுக் குழந்தையொன்று இறந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1986 ஏப்ரல் 13ல், பாப்பரசர் 2ம் அருளப்பர் சின்னப்பர் அந்த வாசலைக் கடந்து உள்ளே போனார். தலைமை ரபி எலியோ தோவாப் அவரை வரவேற்க, இருவரும் அருகருகே அமர்ந்து சங்கீதங்களைக் கேட்டார்கள். நீங்கள் எங்கள் மூத்த சகோதரர்கள் என்ற கருத்தை அவர் அங்கே சொன்னார். வத்திக்கானிலிருந்து அச்செபக்கூடம் இரண்டு மூன்று கிலோமீற்றர் தூரம்தான். அங்கே போய்ச் சேர ஏறக்குறையப் பத்தொன்பது நூற்றாண்டுகள் பிடித்தன. 2005ல் அவர் மரித்தபின் மரண சாசனத்தைத் திறந்தபோது, அதிலே மிகச் சிலரையே குறிப்பிட்டிருந்தார். அவர்களுள் ஒருவர் உரோமையின் ரபி. 16ம் ஆசீர்வாதப்பர் 2010லும், பிரான்சிஸ் பாப்பரசர் 2016லும் அதே படியேறினார்கள்.

அன்பான பெற்றோரே, மறையாசிரியர்களே, நமது பங்குகளிலே தபசு காலம் வந்ததும் பாஸ் காட்சிகளும் ஒப்பாரிகளும் தொடங்கிவிடும். மேடையிலே சாட்டை பிடித்தவன், காறித் துப்புகிறவன், கொலை கேட்டுக் கூச்சலிடுகிறவன் எல்லாரும் ‘யூதர்’. மாதாவும் யூதப் பெண், அருளப்பரும் யூதர், சிலுவையிலே தொங்குகிறவரும் யூதர் என்பது மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியவருவதில்லை. இரக்கமில்லாதவனை யூதன் என்று ஏசுகிற வழக்கமும் சில வீடுகளிலே உண்டு. நாடகம் போடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசனத்தை எழுதுகிறவர் ஒரு தடவை உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 9, 10, 11ம் அதிகாரங்களை வாசித்துவிட்டு எழுதட்டும். பெரிய வெள்ளிச் செபங்களிலே ஆறாவது யூதருக்கானது. முற்காலத்தில் மற்றச் செபங்களுக்கு முழந்தாளிட்டவர்கள் அந்தச் செபத்துக்கு மட்டும் முழந்தாளிடாமல் நின்றார்கள். 12ம் பத்திநாதர்தான் அந்த வேறுபாட்டை நீக்கினார். அடுத்த பெரிய வெள்ளியில் முழந்தாளிடும்போது, ஏன் என்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நம்மவர் பலர் இன்று ஐரோப்பாவிலே குடியிருக்கிறார்கள். ஊரிலிருந்து போகிற பெற்றோரை உரோமைக்கு அழைத்துச் செல்வதும் வழக்கமாகிவிட்டது. இராயப்பர் பேராலயத்தைப் பார்த்த மறுநாள், நதிக்கரையோடு அரை மணி நேரம் நடக்கலாம். சதுரக் குவிமாடத்தின் கீழே யூதரின் நூதனசாலை இருக்கிறது. அருகிலே சன் கிரகோரியோ கோவிலின் முகப்பு எழுத்தும், எதிரே தீவிலே அந்த ஆசுப்பத்திரியும், பாலத்தின் வழியே பர்த்தலோமேயு கோவிலும் எல்லாம் பத்து நிமிட நடைக்குள் உள்ளன. சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்று அவர்கள் செபத்தில் இருப்பார்கள்.